கொழுப்பு பத்தல

சனோபரின் வாய்க்குப் பயப்படாத ஆள் தாஷ்கந்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிடையாது. எலியின் நரம்புச் செல்லில் மெல்லிய கண்ணாடிக் குழாயை ஒட்டி, மின்னோட்டத்தைப் பார்ப்பது எங்கள் பிழைப்பு. அந்தச் செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியே போக ஒரு கதவு உண்டு. சவ்விலேயே இருக்கும் ஒருவகைக் கொழுப்பு அதைப் பிடித்துக்கொண்டால்தான் திறக்கும். திறந்தால் நரம்பு அடங்கும். இல்லாவிட்டால் கண்டபடி துடிக்கும்.

"பாத்தியாக்கா, கொழுப்பு இருந்தாத்தான் அடக்கமே வருது. என் மாமியார் தலைகீழா சொல்றாங்க" என்பாள்.

மாமியார் ஹோசியத்தும் லேசுப்பட்டவரா? "படிச்ச கொழுப்புடி உனக்கு" என்று திட்டிக்கொண்டே இவள் தட்டில் இன்னும் ரெண்டு கரண்டி சோறு வைப்பார்.

சனோபருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவன் இல்யோஸ். பிறந்த வாரமே வலிப்பு. மரபணுவைப் பார்த்தார்கள். பிழை அதே கதவில்! கொழுப்பு அதில் சரியாக ஒட்டவில்லை.

"உடம்புல எத்தன கதவு இருக்கு, இதுவாக்கா எம் புள்ளைக்குக் கெட்டுப்போகணும்?" என்றாள்.

மருந்து கேட்டது. வலிப்பு குறைந்துகொண்டே வந்தது. விழுங்கத் திணறுகிறான், பாலையும் மருந்தையும் தவிர எதுவும் வேண்டாம் என்றார் டாக்டர். பிழைத்துக்கொள்வான் என்று நம்பித்தான் சனோபர் வேலைக்குத் திரும்பினாள்.

மாமியார் விடவில்லை. "புள்ளைக்கு என்னதான்டி? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு." கதவு, சவ்வு என்று சொல்லிப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "நரம்புக்குக் கொழுப்பு பத்தல அத்தை."

எங்கள் ஊரில் கொழுப்பு என்றால் செம்மறியின் தடித்த வாலில் திரளும் கொழுப்புதான். சளிக்கும் அதுதான், நோஞ்சான் பிள்ளைக்கும் அதுதான். ஹோசியத் சந்தைக்குப் போய்ப் பேரம்கூடப் பேசாமல் நல்ல வாலாக வாங்கிவந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி கைகால் கட்டித் தொட்டிலில் மல்லாந்து கிடந்த பேரனுக்கு, உருக்கி ஆறவைத்துக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். தினமும் ஊட்டினார், மருமகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. படித்தவள் தடுப்பாள் என்று பயம்.

காய்ச்சல் வந்தது, மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நுரையீரல் முழுக்கப் புரையேறி இறங்கிய கொழுப்பு. "என்ன குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டபோதுதான் சனோபருக்கு விளங்கியது. "அத்தைகிட்ட மட்டும் சொல்லாதீங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை தங்கவில்லை.

துக்கம் கேட்க வந்த பெண்களுக்கு நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஹோசியத் மெல்ல நகர்ந்துவந்து மருமகளின் காதோரம் கேட்டார்:

"உங்கிட்ட சொல்லல. கொழுப்பு நாந்தான் ஊட்டினேன்டி. பத்தலயோ?"

எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. வாயாடி சனோபரோ, மாமியாரின் தலைத்துணியைச் சரிசெய்தாள்.

"பத்துச்சு அத்தை" என்றாள்.