கல்லடி: வெயிலில் ஓடும் போத்தல் வெட்டும் மெசின்

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊர் முகாமுக்குக் கொடுத்த ஆறு சோலார் தகடுகள், போர் முடிந்து முகாம் மூடப்பட்டதும் எங்கள் பாடசாலைக் களஞ்சிய அறைக்கு வந்து சேர்ந்தன. அறைக்குப் பொறுப்பான ஆசிரியர் நான். இப்படிக் கிடைத்த தகடுகளை வைத்துக் கல்லடியில் ஒரு மாதர் சங்கம் பிளாஸ்டிக் போத்தல்களை வெட்டி விற்கிறது என்று கேள்விப்பட்டேன். அது உண்மையில் கட்டுப்படியாகுமா என்று பார்க்கத் திருகோணமலையில் இருந்து புறப்பட்டேன். கொளுத்தும் வெயிலில் எந்தச் சோலாரும் ஓடும். ஆகவே வேண்டுமென்றே மழை தொடங்கும் ஐப்பசிக் கடைசியில் போனேன்.

முதல்நாள் செங்கலடியில் உறவினர் வீட்டில் தங்கினேன். காலை 7.10 பஸ், மட்டக்களப்புக்கு நாற்பது நிமிடம், முப்பது ரூபா. அங்கிருந்து கல்லடி மூன்று கிலோமீற்றர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது. பாலம் ஒடுக்கமானது, எதிர்க்கரை வாகனங்கள் வந்து முடியும்வரை பத்து நிமிடம் நின்றோம். தன் வீட்டுப் போத்தல்களும் அந்தச் சங்கத்துக்குத்தான் போகின்றன என்றார் ஆட்டோக்காரர்.

சங்கத்தை நடத்துபவர் அமலா அக்கா. வயது நாற்பத்தைந்து இருக்கும். கடற்கரையில் இருந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. கணவர் வாவியில் மீன்பிடிப்பவர். ஒரு காலத்தில் வலையை இழுத்தால் மீனுக்குச் சமமாகப் போத்தல் வந்ததாம். முழுப் போத்தலாக ஏற்றினால் லொறிக்குள் காற்றுத்தான் போகும். வெட்டினால் ஒரு லொறிக்கு நிறையவே கொள்ளும். அதில்தான் லாபம். தகடுகளோடு வந்த பற்றரிகள் இரண்டாம் வருடமே செத்துவிட்டன. இப்போது தகட்டில் இருந்து மோட்டாருக்கு நேரடி இணைப்பு. ஒரு மாதம் கம்பத்து மின்சாரத்தில் ஓட்டிப் பார்த்து, பில் வந்ததும் விட்டுவிட்டார்களாம்.

நான் போன அன்று பிற்பகல் மூன்றரைக்கு, வெட்டியதை வாங்கும் கொழும்பு லொறி வரவேண்டும். கேட்டது இருபது சாக்கு. காலையில் இருந்தது பதினான்கு. வெயிலில் இன்னொன்று நிரம்பியது. 11.40க்கு மேகம் மூட, மோட்டார் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. கழுவிக் குவித்த போத்தல்களும் காயவில்லை. ஆறு பெண்களும் நானும் மூடி கழற்றி, லேபல் உரித்து, ஒவ்வொரு போத்தலாகத் துணியால் துடைத்தோம். போத்தல் விளிம்பு என் விரலில் இரண்டு இடத்தில் கிழித்தது.

கழுவிய நீர் எங்கே போகிறது என்று கேட்டேன். பழைய சேலையை இரண்டாக மடித்துக் கட்டி, அதில் வடித்து மணல் குழிக்குள் விடுகிறார்கள்.

"வாவிக்குள்ள விட்டா மறுகா நாங்க என்னத்துக்கு இதச் செய்யிற?" என்றார் அமலா அக்கா.

1.20க்கு வெயில் வந்தது. துடைத்தவை எல்லாம் வெட்டி முடிய இரண்டே முக்கால். மொத்தம் பதினேழு சாக்கு. மெசின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்தவை ஈரப் போத்தல்கள் மட்டும். அவற்றையும் போட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்றார் தேவி என்ற பெண். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அமலா அக்கா சுவிட்சை நிறுத்தினார்.

"ஈரத்தக் கட்டி அனுப்பினா இண்டைக்கு நிறை கூடும். மறுகா லொறி வராது."

லொறி நாலு மணிக்கு வந்தது. சாரதி மூன்று சாக்குகளை அவிழ்த்து முழங்கை வரை கைவிட்டுப் பார்த்தார். பதினேழு என்றதும் முகம் சுளித்தார். அமலா அக்கா மேகத்தைக் காட்டினார். சாரதி கொழும்புக்குப் போன் எடுத்துப் பேசிவிட்டு, பதினேழையும் ஏற்றினார். பிறகு அடுத்த மாதத்துக்கு இருபத்தைந்து வெறும் சாக்குகளை இறக்கி வைத்தார். தேவி அவற்றை இரண்டுதரம் எண்ணினார்.

என் முடிவு இது: தகடுகளைக் காசு கொடுத்து வாங்கினால் இந்தத் தொழில் இப்போதைக்குக் கட்டாது. சும்மா கிடப்பவை இருந்தால் கட்டும், ஆனால் பற்றரியை நம்பக்கூடாது. மேகம் மூடும் நேரத்துக்குக் கைவேலை ஒதுக்கி வைக்க வேண்டும். எங்கள் பாடசாலையில் தை மாதம் தொடங்குகிறோம்.

நீங்கள் போவதானால் பத்து மணிக்கு முன் போங்கள். தடித்த கையுறை கொண்டு போங்கள். பார்த்துக்கொண்டு இருக்க அங்கே யாருக்கும் கதிரை கிடையாது. போன கையோடு ஒரு துணியைத் தந்துவிடுவார்கள்.