தொலைபேசியில் என் பெயர்

போர்க்காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில், வெள்ளவத்தை லொட்ஜில் தங்கியிருந்த எனக்குக் கொட்டாஞ்சேனை ஏஜன்சி ஒன்று தற்காலிக வேலை பிடித்துத் தந்தது. டயர்க் கடையில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலை.

"யோகமலர் எண்டு சொல்லாதேங்கோ தங்கச்சி. மாலா எண்டால் சிங்களப் பேர் மாதிரியும் இருக்கும், பிரச்சினையில்லை," என்றார் ஏஜன்சி அண்ணர்.

முதல் அழைப்பு. சிங்கள முதலாளி பக்கத்தில் நின்றார். இந்த வேலையும் போனால் லொட்ஜை விட வேண்டும். மாலா நாக்கு நுனிவரை வந்தாள். விழுங்கிவிட்டு, "யோகமலர் பேசுகிறேன்," என்று சிங்களத்தில் சொன்னேன். முதலாளியின் புருவம் உயர்ந்தது.

"எங்கட பிள்ளையோ! அப்ப தமிழிலயே சொல்லுறன். நாலு லொறிக்கு டயர் வேணும்," என்றது மறுமுனை.

அதைச் சிங்களத்தில் எழுதி நீட்டினேன். வாசித்த முதலாளி, "நாளைக்கும் வா," என்றார். பிறகு லொறிக்காரர்கள் என்னைப் பெயர் சொல்லியே கேட்டார்கள், வேலையும் நிலைத்தது.

அது நிலைக்காமல் போயிருந்தாலும் என் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.