குளிரில் வைத்த மாங்காய்

தொண்ணூறுகளில் நான் ரொறன்ரோவில் ஓர் ஆய்வுகூடத்தில் தக்காளி அரைத்துக்கொண்டிருந்தேன். சமையலுக்கு அல்ல. காய் பழுக்கும்போது எந்த மரபணு விழிக்கிறது, அது செய்விக்கும் நொதியம் எப்படிச் சர்க்கரையைச் சேர்க்கிறது என்று பார்ப்பதற்கு. பழுக்காத காயை நெடுநாள் குளிரில் வைத்தால் அந்த வேலை கெட்டுவிடும். பிறகு நிறம் வந்தாலும் ருசி வராது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

கலியாணம் முடிந்த கையோடு நான் வந்துவிட்டேன். மனைவி யாழ்ப்பாணத்தில் நின்றுவிட்டாள். சண்டையில் பாதையைப் பூட்டினார்கள், திறந்தார்கள், மறுபடி பூட்டினார்கள். நாளாக ஆக, அவளை நினைத்தால் கலியாணப் படத்து முகம் மட்டுமே வந்தது. மற்ற முகங்கள் எனக்கு மறந்துபோயின. அதை நினைத்துத்தான் அழுதிருக்கிறேன்.

ஒருவழியாக விசா கிடைத்து, ஞாயிறு வருகிறாள் என்றானது. அவளுக்கு மாம்பழம் என்றால் உயிர். சென் ஜேம்ஸ் ரவுண் தமிழ்க் கடையில் ஒரு பெட்டி மாங்காய் வாங்கி, ஊர் வழக்கப்படி அரிசிக்குள் புதைத்தேன். விமானம் ஏறக் கொழும்புக்கு வந்திருந்தவள் வெள்ளிக்கிழமை அழைத்தாள்.

“பயணம் இன்னும் ரெண்டு கிழமை பிந்துமாம்.”

“ஓம்” என்றேன். போனை வைத்துவிட்டு, இரண்டு வாரம் தாங்காதென்று, அரைப்பச்சையாகக் கிடந்த மாங்காய்களைப் பிரிட்ஜுக்குள் அடுக்கினேன்.

என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்த அண்ணை பார்த்துச் சிரித்தார். “படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயிலோ?”

“அவள் வாற வரைக்கும் இருக்கட்டும் அண்ணை.”

அவள் வருவதற்கு முன் அவர் மல்வேர்னில் தன் தங்கை வீட்டுக்கு மாறிப் போய்விட்டார்.

விமான நிலையத்தில் “நல்லா மெலிஞ்சிட்டியள்” என்றாள். “நீரும்தான்” என்றேன். வீடு வரும்வரை அவ்வளவுதான் பேச்சு. பக்கத்தில் இருந்தவளை எட்டித் தொடக் கூச்சமாக இருந்தது.

சில நாள் முன்பே பிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்திருந்த மாம்பழத்தை வெட்டினேன். தோல் மஞ்சள், உள்ளே வெறும் புளி.

“குளிரில வைச்சிட்டன். இனி இனிக்காது” என்றேன். மாம்பழத்தைத்தான் சொன்னேன், ஆனால் குரல் உடைந்துவிட்டது.

அவள் என்னையே பார்த்தாள். “புளிச்சால் என்ன? உப்பும் தூளும் எங்கை வைச்சிருக்கிறியள்?”

ஒரு துண்டை மிளகாய்த் தூளில் தொட்டு வாயில் வைத்தாள். புளிப்பில் ஒரு கண்ணை இறுக்கி மூடி, நாக்கைச் சப்புக்கொட்டினாள். எந்தப் படத்திலும் இல்லாத முகம். எனக்கு மறந்துபோயிருந்தது அதுதான்.