வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

ரெட்டியார்பாளையத்தில் ஒரு சொல்தா வீட்டுக் கல்யாணம். பிரெஞ்சுப் பட்டாள பென்ஷன் வாங்குகிற குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். முதல் பந்தி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பெண்ணின் அப்பா சாம்பார் வாளியோடு சமையல்கட்டுக்கே வந்துவிட்டார்.

"தனபால் மாஸ்டர், இது சாம்பாரா, கடல் தண்ணியா? வாயில வெக்க முடியல."

மாஸ்டர் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். "சரியாத்தான இருக்குது," என்றார்.

நானும் நக்கினேன். உப்பு கரித்தது. அவரைக் கையைப் பிடித்து வெளியே வெயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கண்ணைப் பார்த்தேன். வெள்ளைவிழி மஞ்சளாக இருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த வேலைக்கு வருகிற தம்பிகள் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

ஒரே மெனு

நான் எட்டாவதோடு நின்றவன். திருப்பூரில் பனியன் கம்பெனி, அப்புறம் லாரி கிளீனர், கோவாவில் ஓட்டல் வேலை என்று எங்கேயும் நிலையாக இருந்ததில்லை. உழவர்கரையில் தனபால் மாஸ்டரிடம் காய் வெட்ட வந்தவன், ஏனோ அங்கேயே தங்கிவிட்டேன்.

எங்கள் செட்டில் பரிமாறுகிற ஏழுமலையின் மனைவிக்கு ஆபரேஷன். ரத்தம் கொடுக்கப் போனேன். ரத்த வங்கியில் திருப்பிக் கூப்பிட்டு, எனக்கு ஹெபடைடிஸ் பி இருக்கிறது என்றார்கள். கொஞ்ச நாள் டெஸ்ட்டுக்கு அலைந்தபின் லிவர் டாக்டரம்மா மாத்திரை எழுதினார்.

"தினம் ஒண்ணு. வெறும் வயித்துல. முன்னாடி ரெண்டு மணி நேரம், பின்னாடி ரெண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது. என்னைக் கேக்காம நிறுத்தவே கூடாது."

"நான் சமையல்காரன் மேடம். சாப்பிடறவங்களுக்கு ஒட்டிக்குமா?"

"சாப்பாட்டுல பரவாது. ரத்தத்துல, உடலுறவுல, பிரசவத்துல தாய்கிட்டேந்து பிள்ளைக்குன்னுதான் பரவும்."

மாத்திரை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் தலையில் துண்டு போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். திரும்பினார். தனபால் மாஸ்டர்.

"நீ எங்கடா இங்க?"

"நீங்க எங்க மாஸ்டர்?"

என் சீட்டை வாங்கித் தன் சீட்டோடு சேர்த்துப் பார்த்தார். "நமக்கு ஒரே மெனுதான்," என்றார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார்: "வெளிய மூச்சு விடாத சேகரு. ஒரு மண்டபத்துல உள்ள விட மாட்டான்."

வாடகை நாக்கு

நான் படுக்கும்போது மாத்திரை போடுவேன். மாஸ்டருக்குப் படுக்கிற நேரம் என்று ஒன்று கிடையாது. அதனால் எழுந்ததும் போடுவார். முகூர்த்த நாளில் அந்த நேரத்தில்தான் சாம்பாரும் கேசரியும் இறங்கும். அவர் வாயில் எதுவும் வைக்கக்கூடாது. "சேகரு, நீ பாரு," என்று கரண்டியை என்னிடம் நீட்டுவார்.

ஏழுமலை சும்மா இருப்பானா? "என்னா மாஸ்டர், நாக்கை வாடகைக்கு எடுத்துட்டீங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். ஆனால் தனபாலுக்கு நாக்கு செத்துப்போச்சு என்று பேச்சு வெளியே போய்விட்டது. டிரைவருக்குக் கண் போச்சு என்று சொல்வதும் இதுவும் ஒன்றுதான். புக்கிங் குறைந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாஸ்டருடைய ரத்த ரிப்போர்ட்டில் கிருமி தென்படவில்லை என்று வந்தது. மாத்திரையால் அடங்கியிருக்கிறது, விடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னதை நானும் கூட நின்று கேட்டேன். வாசலுக்கு வந்ததும் மாஸ்டர் சொன்னார்:

"வெந்த சோத்துக்கு எதுக்குடா அடுப்பு? எரியவிட்டா அடிதான் பிடிக்கும்."

"வேகல மாஸ்டர். அடங்கித்தான் இருக்குது. அவங்க சொன்னாங்கல்ல?"

"அவங்க என்னிக்குடா ஆயிரம் பேருக்கு சமைச்சாங்க?"

இன்னும் ரெண்டு மூன்று தடவை சொன்னேன். "திரும்பச் சொன்னா வேலைக்கு வராத," என்றுவிட்டார். அடுத்த முகூர்த்தத்தில் அவரே உள்ளங்கையில் சாம்பார் விட்டுப் பார்த்தார். "ஏழுமல, வாடகை நாக்கை அனுப்பிட்டேன்டா!" என்று கத்தினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

சில மாதம் போனது. டீ கசக்கிறது என்றார். சோறு இறங்கவில்லை. பித்தம் என்றார். அப்புறம்தான் அந்த சொல்தா வீட்டுக் கல்யாணம்.

உப்புப் பார்க்க

மண்டபத்திலிருந்து நேராக ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா திட்டவில்லை. "ஏன் நிறுத்தினாரு?" என்று மட்டும் கேட்டார்.

"உப்புப் பாக்கறதுக்கு மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மறுபடி மாத்திரை ஆரம்பித்தார்கள். ஈரல் அதற்குள் கெட்டுவிட்டிருந்தது. வயிறு வீங்கி, புத்தி தடுமாறியது. கட்டிலில் கிடந்தபடி, "பருப்பை எறக்குடா, தீயுது பாரு," என்று என்னை விரட்டிக்கொண்டே இருந்தார். "எறக்கிட்டேன் மாஸ்டர்," என்றால் கொஞ்ச நேரம் அமைதியாவார். அப்படியே போய்விட்டார்.

அவர் மனைவி பூங்காவனம் அக்கா, குடித்துச் செத்தார் என்று ஊருக்குச் சொன்னார். சாராயத்தைத் தொடாத மனுஷர். "கிருமின்னா பொண்ண எவன்டா கட்டுவான்? குடின்னா ரெண்டு நாள் பேசிட்டு விட்டுடுவானுங்க," என்றார். எனக்கும் இருக்கிறது என்று சொல்லி, அவரையும் பெண்ணையும் டெஸ்ட்டுக்கு அழைத்துப் போனேன். இருவருக்கும் இல்லை. தடுப்பூசி போட்டார்கள்.

திரும்பி வந்ததும் அக்கா பெருங்காய டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாதென்று மாஸ்டர் மாதாமாதம் போய் வாங்கி, போடாமலே வைத்திருக்கிறார்.

"உனக்கும் இதான சேகரு? எடுத்துட்டுப் போ. இதுங்கள வீட்டுல பாக்க முடியல."

டாக்டரம்மாவிடம் காட்டினேன். அதே மருந்து, அதே அளவு, காலாவதித் தேதியும் தாண்டவில்லை. போடலாம் என்றார்.

ரிப்போர்ட்டில் கிருமி தென்படவில்லை என்று வந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், அதன் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. நான் கற்றுக்கொண்டது இதுதான். இப்போது அடுப்பு என் பொறுப்பு. படுக்கிற நேரம் எனக்கும் இல்லாமல் போனதால், நானும் எழுந்ததும்தான் மாத்திரை போடுகிறேன். வாயில் வைக்கக்கூடாத நேரத்தில் ஏழுமலையைக் கூப்பிட்டு உப்புப் பார்க்கச் சொல்கிறேன். காரணம் அவனுக்குத் தெரியும், நானே சொல்லிவிட்டேன். அவன் இப்போது கிண்டல் செய்வதில்லை.

மாஸ்டர் மிச்சம் வைத்ததைத்தான் முதலில் போட்டு முடித்தேன். ஒவ்வொன்றிலும் பெருங்காய வாசனை அடித்தது.