கோட்டைமேட்டைப் பற்றி கம்ப்யூட்டர் படித்தது

1999இல், துடியலூரில் சசிதர் நடத்திய சிறு கம்பெனியில், ஒரு கம்ப்யூட்டர் ஓயாமல் இணையத்தைப் படித்துத் தானாகவே விஷயம் கற்றுக்கொண்டிருந்தது. கற்றது சரியா தவறா என்று சொல்வது சித்திகாவின் வேலை. மாங்காய் மரத்தில் காய்க்கும் என்றால் சரி. ஆனைமலை கடலோர ஊர் என்றால் தவறு.

அன்று திரையில் வந்த வரி அவளைக் கொதிக்க வைத்தது. ‘கோட்டைமேடு, குண்டு வைப்பவர்கள் வாழும் இடம்.’ அவள் பிறந்து வளர்ந்த இடம். தவறு என்று குறித்தாள். மறுநாளும் அதே வரி வந்து நின்றது. முந்தைய வருடக் குண்டுவெடிப்புச் செய்திகளைத் தவிர, கோட்டைமேட்டைப் பற்றி அதற்குப் படிக்க வேறெதுவும் கிடைக்கவில்லை.

“அழிச்சுப்போட்டு அடுத்ததைப் பாருங்க அம்மணி. மெசினுக்கு என்ன தெரியும்?” என்றார் சசிதர்.

“உங்களுக்குத் தெரியுமில்லீங்க சார்? எங்கூட்டுல நோன்புக் கஞ்சி குடிச்சீங்களே, எந்தக் குண்டு மேல உக்காந்து குடிச்சீங்க?”

அதிர்ந்து பேசாதவள் அப்படிக் கேட்டதும் சசிதர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவள் விசைகளைக் குத்திக் குத்தி, அதற்குப் புரிகிற ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினாள். அப்பா அப்துல் மஜீதின் அத்தர் கடை, எதிர்வீட்டுத் தையல் மெசின், மழைக்குத் தெருவில் தேங்கும் தண்ணீர் எல்லாம் அதில் இருந்தன.

“இதை இணையத்துல ஏத்துங்க. இதையும் படிக்கட்டும்.”

“ஒரு பக்கம் எந்த மூலைக்குங்க? அங்க குண்டுச் செய்தியே நூறு பக்கம் இருக்குது.”

“அப்ப நூறு எழுதறனுங்க.”

கோபம் தணியாமலே இரண்டாவது பக்கத்தைத் தொடங்கினாள்.