பேராசிரியர் எனக்குத் தந்த மறதி

எண்பத்து மூன்றில் தமிழருக்கு எதிராக நடந்த ஆடிக் கலவரத்தில் ஓர் உயிரைக் காப்பாற்றியவள் என்று கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடையில் எனக்கு இன்றைக்கும் நல்ல பெயர். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து மாஸ்டரின் மனைவி சரசுவை மூன்று நாள், முஸ்லிம் வீடு என்று யாரும் தேடி வராத என் வீட்டில் ஒளித்து வைத்தேன். மாஸ்டரைத் தெருவில் வெட்டிவிட்டார்கள்.

பல வருடம் கழித்து, மூளை ஞாபகங்களை எப்படி வைத்திருக்கிறது என்று ஆராய்கிற பேராசிரியர் ஒருவர் வந்தார். நான் பெருமையாகச் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார். பிறகு சரசுவையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அம்மா, மாஸ்டர் உங்கட கதவைத் தட்டினவர் எண்டு அவ சொல்லுறா. நீங்கள் அதைச் சொல்லேல்லையே?"

நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன்.

"குறை நினையாதேங்கோ. தாங்க ஏலாததை மூளை தானாவே அழிச்சுப்போடும். அது உங்கட பிழையில்ல."

"அப்பிடித்தான் இருக்கும் சேர். மறந்து போச்சு."

அதையும் எழுதிக்கொண்டார்.

எனக்கு எதுவும் மறக்கவில்லை. "ராத்தா, கதவைத் திறவுங்கோ" என்று, எங்கள் வழக்கப்படி என்னை அக்கா முறை வைத்து, மாஸ்டர் கெஞ்சினார். என் கணவர் கலகெதரக் கடையில் இருந்தார். வீட்டில் கல்யாணமாகாத மகள். ஆம்பிளை இல்லாத வீட்டுக்குள் அந்நிய ஆணை விட்டால் நாளைக்கு அவளை யார் கட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். கதவை நோக்கி ஓடிய சரசுவை இழுத்து, வாயைப் பொத்தினேன். தட்டுவது நின்ற பிறகே கையை எடுத்தேன்.

அடுத்த வருடம் மகளுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை வந்தது.

மறதி அல்லாஹ்வின் ரஹ்மத், அவன் காட்டும் கருணை என்பார்கள். அவன் எனக்கு அதைத் தரவில்லை. பேராசிரியர் தந்தார், வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.