சென்சாருக்கு வைத்த சந்தனப் பொட்டு

கொல்கத்தா ஜாதவ்பூர் வீட்டுப் பால்கனியில், கணினி மூலம் மரம் செதுக்கும் சிறிய இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறேன். இங்கே கருவிகளைக் கும்பிடும் விஸ்வகர்மா பூஜையன்று, கப்பல் கட்டும் இன்ஜினியரான என் கணவர் நம் ஊர் ஆயுத பூஜை வழக்கப்படி அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார்.

மறுநாள், நாங்கள் 'பௌதி', அதாவது அண்ணி, என்று அழைக்கும் எதிர்வீட்டு வங்காளிப் பெண், பெயர்ப்பலகை செய்யத் தேக்குப் பலகையோடு வந்தார். வேடிக்கை பார்க்க அருகிலேயே குனிந்து நின்றார்.

இயந்திரத்தை இயக்கியதும் அதன் செதுக்கும் தலை முதலில் மூலைக்குப் போகும். அங்குள்ள சென்சார், தான் அனுப்பும் ஒளி தலையில் பட்டுத் திரும்பியதும் அதை நிறுத்தும். அன்று தலை மூலைக்குப் போகவில்லை. நடுவில் நின்ற இடத்தையே மூலையாக எடுத்துக்கொண்டு, பலகையைப் பிடித்திருந்த இரும்புக் கிளாம்பை நோக்கி நகர்ந்தது. மோதினால் சுழலும் வெட்டுமுனையான பிட் முறிந்து பௌதியின் முகத்தில் தெறிக்கும். அவசரமாக நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தேன். விரல்கடை தூரத்தில் நின்றது.

சென்சாரின் முகப்பில் சந்தனம் காய்ந்திருந்தது. அனுப்பிய ஒளி அதில் பட்டே திரும்பியதால், தலை வந்துவிட்டதாகச் சென்சார் சொல்லியிருக்கிறது.

"கப்பல் கட்டுற இன்ஜினியருக்குப் பொட்டு வைக்க வேற இடமே கிடைக்கலையா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"வட்டமா நெத்தி மாதிரி இருந்துச்சுடி!" என்றார்.

இப்போதெல்லாம் பொட்டு மேசைக்காலுக்குத்தான். ஒவ்வொரு முறையும் சென்சாரைத் துடைத்து, எதிரே மரத்துண்டைக் காட்டுகிறேன். சென்சாரின் சிறு விளக்கு எரிந்து, துண்டை எடுத்ததும் அணைந்தால்தான் வேலை. பாதுகாப்புக் கண்ணாடியோடு கதவருகே நிற்கும் பௌதி, வங்க மொழியில் தவறாமல் கேட்கிறார்: "சந்தனம் துடைச்சாச்சா?"